ஐந்து டாப், மூன்று பேண்ட்: தினப்படி உடுப்பைக் கணக்குப் போட்டுத் தைத்துக்கொள்ள ஒரு வழிகாட்டி

தையல் கற்றுக்கொண்ட புதிதில் பலரும் கண்ணுக்குப் பிடித்த துணியையெல்லாம் வாங்கி, ஒவ்வொன்றையும் ஒவ்வொரு மாடலில் தைத்துப் பார்ப்பார்கள். ஆறு மாதத்தில் பீரோ நிறைந்துவிடும். ஆனால் திங்கட்கிழமை காலை பஸ்ஸுக்குக் கிளம்பும்போது போட்டுக்கொள்ள ஒன்றும் அகப்படாது. பூப்போட்ட டாப்புக்குச் சேரும் பேண்ட் இருக்காது. இருக்கிற வெள்ளை பேண்டின் காலோரம் செம்மண் ஏறிச் சிவந்திருக்கும். தையலில் குறை இல்லை, துணி வாங்குவதற்கு முன் கணக்குப் போடவில்லை, அவ்வளவுதான். அந்தக் கணக்கிலிருந்து முதல் செட் தைத்து முடிப்பது வரை இங்கே சொல்லியிருக்கிறோம்.

நேராகவும் வளைவாகவும் தைக்கத் தெரிந்து, வீட்டில் ஒரு மிதி மெஷினோ மோட்டார் வைத்த மெஷினோ இருந்தால் போதும். தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் தினமும் வேலைக்கோ கல்லூரிக்கோ போகிற பெண்ணின் டாப், பேண்டை உதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். புடவை கட்டுகிறவர்களுக்கும் சட்டை தைக்க நினைப்பவர்களுக்கும் கடைசியில் கொஞ்சம் இருக்கிறது.

முதலில் வாரத்தை எண்ணுங்கள்

வாரத்தில் எத்தனை நாள் வெளியே போகிறீர்கள், எந்தெந்த நாளில் துவைக்கிறீர்கள் என்ற இரண்டு கேள்விதான். ஆறு நாள் வேலை, ஞாயிறும் புதன் மாலையும் துவைப்பு என்று வையுங்கள். நம் வெயிலில் ஒரு டாப்பை ஒரு நாளுக்கு மேல் போட முடியாது. திங்கள், செவ்வாய், புதனுக்கு மூன்று. புதன் மாலை துவைத்தது வியாழன் காலைக்குள் காயுமென்று நம்ப முடியாது, ஆகவே நான்காவது ஒன்று. மழை பிடித்துக்கொண்டாலோ குழம்பு கொட்டிவிட்டாலோ கைகொடுக்க ஐந்தாவது. பேண்ட் இரண்டு நாள் தாங்கும் என்பதால் மூன்று போதும். துப்பட்டா போடுகிறவர்களுக்கு இரண்டு.

ஐந்து டாப்பும் மூன்று பேண்டோடும் சேர்ந்தால் 15 ஜோடி. சேராவிட்டால் ஐந்தே ஐந்து ஜோடிதான். திட்டத்தின் உயிர் இந்த இடத்தில்தான் இருக்கிறது. அதனால் ஒரு தாளில் இடப்பக்கம் பேண்ட் நிறங்களையும் மேலே டாப் நிறங்களையும் எழுதிக் கட்டம் போடுங்கள். இரண்டு பேண்டோடாவது சேராத டாப் துணியை, எவ்வளவு அழகாக இருந்தாலும், இந்த முறை வாங்க வேண்டாம்.

ஊரைப் பார்த்துத் துணி

சித்திரை, வைகாசியில் அரூர், பென்னாகரம், ஊத்தங்கரைப் பக்கம் நிற்கிற பஸ்ஸில் பாலியஸ்டர் கலந்த துணியோடு பத்து நிமிடம் உட்கார்ந்தாலே போதும், முதுகோடு ஒட்டிக்கொள்ளும். கேம்ப்ரிக் (நெருக்கமாக நெய்த மெல்லிய பருத்தி), மல் (அதைவிட மெலிந்த, இழை நெருக்கம் குறைந்த பருத்தி), மெல்லிய கைத்தறிப் பருத்தி இவைதான் தினப்படிக்கு. மல் காற்றோட்டமானது, ஆனால் உள்ளே தெரியும். வெளிர் நிறத்தில் வாங்கினால் லைனிங் கொடுக்க வேண்டிவரும், கொடுத்ததும் அதன் குளிர்ச்சி பாதி போய்விடும். மல் வேண்டுமென்றால் அடர்ந்த நிறத்திலோ நெருக்கமான பிரிண்டிலோ எடுங்கள். ரேயான் உடம்பில் அழகாக விழும். ஆனால் ஈரத்தில் பலம் குறைகிற நூல் அது, அடித்துத் துவைக்கிற வீட்டில் நீடிக்காது. பட்டுக்கூடு விளைகிற மாவட்டம் நம்முடையது என்றாலும் பட்டை விசேஷத்துக்கு வைத்துக்கொள்வதே சரி.

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை மேட்டுநிலம். தருமபுரியில் வேர்க்கிற மாதத்திலும் அங்கே விடியற்காலை சில்லென்று இருக்கும். சிப்காட் வேலைக்கு அதிகாலையில் கிளம்புகிறவர்கள் ஐந்து டாப்போடு, முன்னால் பட்டன் வைத்த கோட் ஒன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். கனமான கைத்தறித் துணியில், டாப்புக்கு அளவு வரைந்த அதே பேப்பரை மார்புச் சுற்றளவில் 2 அங்குலமும் ஷோல்டரில் அரை அங்குலமும் கூட்டி வெட்டினால் போதும்.

அடுத்தது தண்ணீர். போர் தண்ணீர் கடினமாக இருக்கிற தெருக்களில் சவுக்காரக் கட்டி நுரைக்காது. அது தண்ணீரில் உள்ள சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து திப்பியாகித் துணியிலேயே படியும். கறுப்பும் கருநீலமும் நாலைந்து துவைப்பில் சாம்பல் பூத்தது போலாவது இதனால்தான். வெள்ளை மங்கிப்போவதும் இதனாலேயே. டிடர்ஜென்ட் பவுடருக்கு இந்தத் தொல்லை குறைவு. கடைசி அலசலில் ஒரு பக்கெட் தண்ணீருக்கு இரண்டு மூன்று மேசைக்கரண்டி வினிகர் விட்டால் படிந்தது ஓரளவு கரையும். இருந்தாலும் நிறம் எடுக்கும்போதே பளிச் வெள்ளையையும் தார்க் கறுப்பையும் தவிர்த்துவிடுவது மேல்.

மண்ணும் கணக்கில் வரும். செம்மண் புழுதியை மறைக்கிற நிறங்கள் செங்கல், காவி, மெரூன், பழுப்பு, அடர்ந்த பச்சை, சாம்பல். பேண்டுகளை இவற்றிலிருந்தே தேர்ந்தெடுங்கள். மாந்தோப்பு உள்ள வீடு என்றால் பறிப்புக் காலத்துக்குப் பழைய சட்டை ஒன்றைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். மாங்காய்ப் பால் பட்ட கறை பருத்தியை விட்டு லேசில் போகாது. புதிதாகத் தைத்ததை அந்தப் பக்கம் கொண்டுபோகவே கூடாது.

நிறமும் பிரிண்டும்

பேண்ட் மூன்றும் பிளெயினாக இருக்கட்டும்: ஒன்று சாம்பல், ஒன்று மெரூன், ஒன்று அடர்ந்த பச்சை என்பது போல. டாப்பில் இரண்டு பிளெயின், இரண்டு சின்னப் பிரிண்ட், ஒன்று மட்டும் பெரிய பிரிண்ட். பெரிய பிரிண்டில் அந்த மூன்று பேண்ட் நிறங்களில் குறைந்தது இரண்டு ஓடியிருக்க வேண்டும். கடைக்குப் போகும்போது பேண்ட் துணியில் ஒரு சிறு துண்டை நூலில் கோத்துக் கையோடு கொண்டுபோங்கள். குழல்விளக்கின் கீழ் மெரூனாகத் தெரிவது வாசலில் வந்து பார்த்தால் கத்தரிப்பூ நிறமாக இருக்கும். வெயிலில் வைத்துப் பார்க்காமல் வெட்டச் சொல்லாதீர்கள்.

எவ்வளவு மீட்டர்

அகலத்தைக் கேட்காமல் மீட்டரைச் சொல்லக் கூடாது. மீட்டர் கணக்கில் வெட்டித் தருகிற ரன்னிங் மெட்டீரியல் 36, 44, 58 அங்குலம் என்று பல அகலத்தில் வரும்.

42 அங்குல நீளமுள்ள முக்கால் கை டாப்புக்கு 44 அங்குல அகலத்தில் 2.5 மீட்டர். ஷோல்டர் தையலும் கீழ் மடிப்பும் சேர்த்து ஒரு பாகத்துக்கு 44 அங்குல நீளம் வேண்டும். முன், பின் இரண்டுக்கும் 88 அங்குலம். 2.5 மீட்டர் என்பது 98 அங்குலம். நனைத்தால் சுருங்குவது போக 93 அளவில் நிற்கும், மீதி கழுத்துப் பட்டிக்கு.

கை எங்கிருந்து வரும்? துணியைச் சரிபாதியாக மடித்தால் வராது. ஒரு கரையிலிருந்து 14 அங்குலம் மட்டும் மடியுங்கள். மடிப்பில் 28 அங்குலம் போய், மறு கரையோரம் 16 அங்குலத்துக்கு ஒற்றைத் துணி நீளமாக மிஞ்சும். இரண்டு கையும் அந்தப் பட்டையில் இறங்கிவிடும். சரிபாதியாக மடித்தவர்கள்தான் கைக்குத் துணி போதாமல் மறுபடி கடைக்கு ஓடுவது.

பேண்டுக்கு 58 அங்குல அகலமே லாபம். மடித்தால் 29 அங்குலம் கிடைக்கும். சீட் (இடுப்புக்குக் கீழே அகலமான இடத்தின் சுற்றளவு) 38, 40 வரை உள்ளவர்களுக்கு முன்பாகமும் பின்பாகமும் பக்கத்தில் பக்கத்தில் அடங்கிவிடும். ஒரு நீளம் போதும் என்பதால் 1.25 மீட்டர். சீட் அதற்கு மேல் என்றால் பேப்பரைத் தரையில் பரப்பி அளந்துவிட்டு வாங்குங்கள். 44 அங்குல அகலத்தில் இரண்டு நீளம் வேண்டும், 2.25 மீட்டர் ஆகும். துப்பட்டா ஒன்றுக்கு 2.25 மீட்டர்.

டாப் 12.5, பேண்ட் 3.75, துப்பட்டா 4.5, கோட் வேண்டுமென்றால் 2.5. எல்லாம் சேர்ந்து 23.25 மீட்டர். பெரிய கட்டமோ ஒரே திசையில் நிற்கிற பூவோ என்றால் டாப்புக்குக் கால் மீட்டர் கூட்டுங்கள். பக்கத் தையலில் கட்டம் ஒன்றுக்கொன்று ஏறி இறங்கி நின்றால் எவ்வளவு நன்றாகத் தைத்திருந்தாலும் அரைகுறையாகத் தெரியும்.

மொத்தமாக எடுக்கிறவர்கள் ஈரோடு ஜவுளிச் சந்தைக்குப் போகலாம். திங்கள் இரவு தொடங்கிச் செவ்வாய்க்கிழமை நடக்கிற வாரச்சந்தை அது. ஆனால் முதல் தடவையே 23 மீட்டரும் வாங்கிவிடாதீர்கள். ஒரு டாப், ஒரு பேண்டுக்கு மட்டும் உள்ளூர்க் கடைவீதியில் எடுத்துத் தைத்து, போட்டுப் பார்த்த பிறகு மீதியை வாங்குங்கள்.

வெட்டும் முன் நனைத்தே ஆகவேண்டும்

பருத்தி முதல் துவைப்பில் 3 முதல் 5 சதவீதம் சுருங்கும், கைத்தறி அதற்கு மேலும் போகலாம். 42 அங்குல டாப்பில் அது ஒன்றேகாலிலிருந்து இரண்டு அங்குலம். முழங்காலில் நின்றது மேலே ஏறிவிடும், மார்பில் பிடிக்கும். இரவு முழுக்க வெறும் தண்ணீரில் ஊறவைத்து, முறுக்காமல் பிழிந்து, நிழலில் காயப்போட்டு, லேசான ஈரம் இருக்கும்போதே நீளவாக்கில் இஸ்திரி போடுங்கள். ரேயானுக்கு அரை மணி நேரம் போதும்.

லைனிங், துப்பட்டா, கழுத்துக்கு வைக்கும் பைப்பிங் துணி எல்லாவற்றையும் நனைக்க வேண்டும். லைனிங்கை நனைக்க மறந்தவர்களின் ஜாக்கெட்தான் முதல் துவைப்பிலேயே மேல்துணி சுருங்கிச் சுருங்கி நிற்கும். உள்ளே இருப்பது குறுகி வெளியே இருப்பதை இழுப்பதால் வருவது அது.

சாயம் போகுமா என்று பார்க்க, ஒரு மூலையை நனைத்து வெள்ளைத் துணிக்கு நடுவில் வைத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்துங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் அந்தத் துணியை, தண்ணீர் தெளியும்வரை தனியே அலச வேண்டும். உப்புப் போட்டு ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்று சொல்வார்கள். ஏற்கனவே சாயம் ஏற்றி வந்த துணியில் உப்பு அப்படி எதையும் பிடித்து நிறுத்தாது.

காய்ந்ததும் ஒரு குறுக்கு நூலை உருவி, அந்தக் கோட்டில் வெட்டி முனையை நேராக்குங்கள். கடையில் கோணலாக வெட்டியிருப்பார்கள். அந்தக் கோணல் முனையை வைத்து மடித்து வெட்டினால் நேர் நூல் சாய்ந்துவிடும், நாலு துவைப்புக்குப் பிறகு பக்கத் தையல் முன்பக்கமாகத் திரும்பிக்கொள்ளும். அதற்குப் பிறகு சரி செய்ய வழியே கிடையாது.

ஒரு பேப்பர், ஐந்து டாப்

ஐந்து மாடலுக்கு ஐந்து முறை வரைய வேண்டாம். உங்கள் உடம்புக்குச் சரியாக உட்காரும் ஒரே பேப்பர் பேட்டர்ன் போதும், கழுத்தும் கையும் நீளமும் மாறினால் டாப் மாறிவிடும். பிரவுன் ஷீட்டில் வரையுங்கள், செய்தித்தாள் மை துணியில் ஒட்டும்.

மார்புச் சுற்றளவு 36 என்றால் கால்பாகம் 9. லூசுக்கு 1, தையலுக்கு 1 கூட்டி 11 அங்குலத்தில் குறியுங்கள். பக்கத்தில் உள்ளே விடுகிற துணி 1 அங்குலம், பிரித்துப் பெரிதாக்கும் தேவை எப்படியும் ஒரு நாள் வரும். ஷோல்டருக்கு அரை, கழுத்துக்குக் கால், கீழ் மடிப்புக்கு ஒன்றரை அங்குலம்.

கைக்குழிதான் புதியவர்கள் தவறுகிற இடம். பிடிக்குமோ என்ற பயத்தில் ஆழமாக வெட்டுவார்கள். ஆழம் கூடினால் கை இன்னும் பிடிக்கும் என்பதுதான் உண்மை. பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கும்போது டாப் முழுதும் கையோடு மேலே ஏறி, பேண்ட் இடுப்பு வெளியே தெரியும். அக்குளுக்கும் கைக்குழிக்கும் நடுவே தூரம் கூடியதால், கை தன் பங்குக்கு முழு டாப்பையும் இழுக்கிறது. 36 மார்புக்கு ஷோல்டரிலிருந்து நேர்கோட்டில் 7½ முதல் 8 அங்குலம் போதும். அதோடு கையின் மேல் வளைவை அரை அங்குலம் தாழ்த்தி, கையின் அகலத்தை அரை அங்குலம் கூட்டினால் தாராளமாகத் தூக்கலாம்.

வரைந்ததை முதலில் பழைய வேட்டியிலோ பெட்ஷீட்டிலோ வெட்டி, பெரிய தையலாகப் போட்டுப் பாருங்கள். கண்ணாடி முன் நின்றால் போதாது. கம்பியைப் பிடிப்பது போலக் கையைத் தூக்குங்கள், வண்டி ஹேண்டிலைப் பிடிப்பது போல முன்னால் நீட்டுங்கள், தரையில் சம்மணமிட்டு உட்காருங்கள். முதுகில் குறுக்கே இழுத்தால் பின்பாகத்தின் நடுவில் கால் அங்குலம் கூட்டுங்கள். திருத்தத்தைப் பேப்பரில் உடனே குறித்துவிடுங்கள், பிறகு நினைவிருக்காது.

முதலில் பேண்ட்

பேண்டில் கழுத்தும் இல்லை, கையும் இல்லை. தவறினாலும் டாப் மறைத்துவிடும். நாற்காலியில் நேராக உட்கார்ந்து, பக்கவாட்டில் இடுப்பிலிருந்து நாற்காலிப் பலகைவரை அளந்து ஒன்றரை அங்குலம் கூட்டினால் கவட்டு ஆழம். கவட்டுத் தையலை இரண்டு முறை போட வேண்டும். குந்தி உட்காரும்போது முதலில் விடுகிற தையல் அதுதான். இடுப்புக்கு ஒன்றேகால் அங்குல எலாஸ்டிக், நீளம் இடுப்புச் சுற்றளவை விட 3 அங்குலம் குறைவு. எலாஸ்டிக் உருண்டுகொள்ளாமல் இருக்க, நுழைத்த பிறகு இரண்டு பக்கத் தையலிலும் மேலிருந்து கீழாக ஒரு தையல் போட்டு நிறுத்துங்கள். இஸ்திரிச் சூடு அதன் மேல் படக்கூடாது.

பை பேண்டில்தான் இருக்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. சைடு ஓப்பன் உள்ள டாப்பின் பக்கத் தையலில் பை வைத்தால், பையின் அடி ஓப்பனில் எட்டிப் பார்க்கும், போனின் கனத்தில் டாப் ஒரு பக்கம் தொங்கும். பேண்டில் என்றால் டாப்பின் ஓரத்தை விலக்கினாலே கை போய்விடும். வாய் 6 அங்குலம், இடுப்புப் பட்டியிலிருந்து 2 அங்குலம் கீழே தொடங்கட்டும். பைத் துணியின் மேல் விளிம்பை இடுப்புப் பட்டியோடு சேர்த்துத் தைத்துவிட்டால் நடக்கும்போது போன் ஆடாது.

டாப் தைக்கும்போது

ஊசி: மல்லுக்கு 11, கேம்ப்ரிக்குக்கு 14, கனமான துணிக்கு 16. ஒரு அங்குலத்துக்கு 10 முதல் 12 தையல். தையல் ஓரம் சுருக்கிக்கொண்டால் மேல்நூல் இறுக்கத்தைத் தளர்த்துங்கள். விட்டுவிட்டு விழுந்தால் பெரும்பாலும் ஊசி மொட்டையாகியிருக்கும் அல்லது திருப்பி மாட்டியிருப்பீர்கள். இரண்டு மூன்று உருப்படிக்கு ஒரு ஊசி என்று மாற்றுவது வீண்செலவே இல்லை.

கழுத்தை வெட்டியவுடன், வேறெதையும் தொடும் முன், விளிம்பிலிருந்து அரைக்கால் அங்குலம் விட்டுச் சுற்றிலும் ஒரு ஒற்றைத் தையல் போட்டுவிடுங்கள். வளைவு நூலுக்குச் சாய்வாக ஓடுவதால் கையில் எடுத்தாலே நீளும். நீண்ட கழுத்து எப்போதும் தூக்கிக்கொண்டு நிற்கும். பிறகு ஒன்றேகால் அங்குல கிராஸ் பட்டியை (நூலுக்குச் சாய்வாக வெட்டிய பட்டி) லேசாக இழுத்துப் பிடித்துத் தைத்து, உள்ளே மடியுங்கள். வளைவில் அங்கங்கே சின்னதாக வெட்டுக் கொடுக்காவிட்டால் பட்டி படியாது.

வரிசை இப்படி: கழுத்து, ஷோல்டர், கை, அதன் பிறகு கையோரத்திலிருந்து சைடு ஓப்பன்வரை ஒரே ஓட்டமாகப் பக்கத் தையல், ஓப்பன் மடிப்பு, கடைசியில் கீழ் மடிப்பு. ரேயான் என்றால் கீழ் மடிப்புக்கு முன் ஒரு நாள் ஹேங்கரில் தொங்கவிடுங்கள். தொங்கினால் ஒரு பக்கம் இறங்கும், சமமாக வெட்டிவிட்டு மடிக்கலாம்.

சைடு ஓப்பனின் மேல்முனை வண்டியில் காலைத் தூக்கிப் போட்டு உட்காரும்போது கிழிகிற இடம். ஒன்றரை அங்குலச் சதுரத் துண்டை முக்கோணமாக மடித்து, அந்த முனையின் உள்பக்கம் வைத்துச் சுற்றித் தையுங்கள். ஐந்து நிமிட வேலை, டாப்பின் ஆயுள் கூடும். துணி விளிம்பு பிரியாமல் அடிக்கிற ஓவர்லாக் மெஷின் இல்லாவிட்டால் ஊரில் அடித்துத் தருகிற கடையில் கொடுங்கள். இல்லையென்றால் பக்கத்தில் விட்ட துணியின் விளிம்பைக் கால் அங்குலம் மடித்துத் தைத்துவிடலாம்.

முதல் டாப்பை இரண்டு வாரம் போட்டுத் துவையுங்கள். எங்கே அறுக்கிறது, எங்கே தொங்குகிறது என்று எழுதி, பேப்பரைத் திருத்தி, பிறகு மீதி நான்கையும் வெட்டுங்கள். ஒன்றுக்கு வட்டக் கழுத்து, ஒன்றுக்குச் சைனீஸ் காலர், ஒன்றுக்கு முன்பட்டியில் மர பட்டன், ஒன்றுக்குக் கையோரத்தில் பேண்ட் துணியில் வெட்டிய பட்டி. பேண்ட் துணியின் மிச்சம் டாப்பில் ஒரு விரற்கடை தெரிந்தால் போதும், அந்த ஜோடி யோசித்துத் தைத்தது என்று பார்த்தவுடன் விளங்கும். ஒரே டாப்பில் பைப்பிங், லேஸ், நாடா, குஞ்சம் எல்லாம் வைத்தால் எதுவும் எடுபடாது.

புடவை, சட்டை

தினமும் புடவை கட்டுகிறவர்களுக்கு, புடவைக்கொரு ஜாக்கெட் என்பதை விட்டு, நான்கு ஜாக்கெட் போதும்: கறுப்பு, மெரூன், சந்தனம், பலநிறம் ஓடும் கலம்காரி ஒன்று. இருக்கிற புடவைகளில் பெரும்பாலானவை இவற்றுக்குள் அடங்கும். கறுப்பு சாம்பல் பூக்கும் என்று மேலே சொன்னோம், அதைக் கடினத் தண்ணீர் வீட்டில் அடர்ந்த பழுப்பாக மாற்றிக்கொள்ளுங்கள். டூ பை டூ ரூபியா (ஜாக்கெட்டுக்கென்றே விற்கிற பருத்தித் துணி) ஒரு மீட்டர், லைனிங் ஒரு மீட்டர், இரண்டையும் நனைத்து. உள்ளே பக்கத்துக்கு 1½ அங்குலம் விடுங்கள்.

சட்டைக்கு 58 அகலத்தில் 1.60 மீட்டர். காலரும் காஜாவும் (பட்டன் ஓட்டை) பழகும்வரை சைனீஸ் காலர் அரைக்கைச் சட்டையே நல்லது. காஜாவைக் கடையில் எடுத்துக்கொள்ளலாம்.

பேப்பரையும் மிச்சத்துணியையும் பத்திரப்படுத்துவது

திருத்தி முடித்த பேப்பரின் மேல் மார்பு, சீட், நீளம், தேதி எழுதி, மடிக்காமல் சுருட்டி வையுங்கள். மடித்தால் மடிப்பில் கிழிந்து அளவு கால் அங்குலம் மாறும். ஒவ்வொரு துணியிலும் உள்ளங்கை அகலத் துண்டு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். கிழிந்தால் ஒட்டுப்போடவும், அடுத்த முறை கடையில் நிறம் பொருத்தவும் அது வேண்டும். மற்ற மிச்சத்தையெல்லாம் கிராஸாக ஒன்றேகால் அங்குலப் பட்டிகளாக வெட்டி ஒன்றோடொன்று இணைத்து அட்டையில் சுற்றிவிட்டால், அடுத்த கழுத்துக்குப் பட்டி தயார்.